காலால் பேஸ் வாசித்தவரின் பாட்டுகள்

வாட்ஸ்அப்பில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை வீடியோ அவ்வப்போது சுற்றி வரும். முதியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து 12 கம்பி கிட்டார் வாசிக்கிறார். கழுத்தில் மாட்டிய சட்டத்தில் மவுத் ஆர்கனும், வாயால் ரீங்கரிக்கிற கஸூ என்ற சின்னக் குழலும் இருக்கின்றன. ஒரு கால் தாளத்தட்டை மிதிக்கிறது. இன்னொரு கால் சில கட்டைகளை மிதிக்க, பக்கத்தில் நிற்கும் உயரமான பெட்டிக்குள்ளிருந்து பேஸ் ஒலி வருகிறது. "ஒரே ஆள், இத்தனை கருவி, என்ன திறமை!" என்று எழுதி அனுப்புகிறார்கள். அவர் பெயரை யாரும் போடுவதில்லை. பாடுகிற பாட்டு யாருடையது என்றும் யாரும் கேட்பதில்லை.

அவர் பெயர் ஜெஸ்ஸி ஃபுல்லர். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஓக்லண்ட் நகரத்தில் வாழ்ந்த கறுப்பினப் பாடகர். பாடுகிற பாட்டு பெரும்பாலும் அவரே எழுதி மெட்டமைத்ததாக இருக்கும். பாப் டிலனும் எரிக் கிளாப்டனும் பால் மெக்கார்ட்னியும் அவர் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். ஆனாலும் சாகசம் செய்து காட்டியவர் என்ற அளவில்தான் பலருக்கும் அவரைத் தெரிகிறது. இது அவருக்குச் செய்கிற அநியாயம். கருவியை வியந்து நிற்கிறவர்கள் பாட்டெழுதியவரை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கருவி ஏன் வந்தது என்பதையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரன். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று லைட் மியூசிக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசித்துக் குடும்பம் நடத்தியவன். பேஸ் வாசிக்கிறவனை மேடையில் யாரும் பார்ப்பதில்லை. அவன் நிறுத்தினால்தான் பாட்டில் ஏதோ குறைகிறது என்று தெரியும். அதனால் ஃபுல்லரின் வீடியோவில் என் கண் முதலில் போவது அந்தக் காலுக்குத்தான். என் இரண்டு கையும் செய்கிற வேலையை அந்த மனிதர் ஒரு காலிடம் கொடுத்திருக்கிறார். அவருக்கு ஏன் அப்படி ஒரு தேவை வந்தது என்று தேடிப் போனதில் அவர் வாழ்க்கை முழுவதையும் படிக்க வேண்டியதாயிற்று.

ஃபுல்லர் பிறந்தது 1896-ல், தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஜோன்ஸ்பரோ ஊரில். சின்ன வயதிலேயே தாய் அவரை வேறொரு குடும்பத்திடம் வளர விட்டார். அந்த வீட்டில் பட்டது கொடுமை. அங்கிருந்து வெளியேறியவர் பார்க்காத வேலை இல்லை. மாடு மேய்த்தார், பீப்பாய்த் தொழிற்சாலையிலும் துடைப்பம் கட்டுகிற இடத்திலும் வேலை பார்த்தார், கல் உடைத்தார், மரக் கம்பெனியில் இருந்தார், ரயில்வேயில் இருந்தார், சர்க்கஸ் கூட்டத்தோடு சுற்றினார். மரத்தில் பாம்பு செதுக்கித் தெருவில் விற்றதும் உண்டு. கிட்டாரைப் பத்து வயதுக்குள் பழகியிருந்தார். அது கூடவே வந்ததே தவிர, அதை நம்பிச் சாப்பிட முடியவில்லை.

1920-களில் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்து, சினிமா ஸ்டுடியோ வாசலில் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்வந்த நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸுக்கும் இயக்குநர் ரவுல் வால்ஷுக்கும் அவரைப் பிடித்துப்போனது. ஹாட் டாக் விற்கும் கடை ஒன்று வைக்க உதவினார்கள். சில படங்களில் கூட்டத்தில் ஒருவராக நடிக்கவும் வைத்தார்கள். அவற்றில் ஒன்று 1924-ல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'. நம் ஊரில் 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'பாக்தாத் திருடன்' ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அந்தப் பெயரே போதும்.

1929-ல் ஓக்லண்ட் போய் சதர்ன் பசிபிக் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம், குடும்பம் எல்லாம் அங்கேதான். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் ஆனார். அந்தக் காலத்து சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது விளங்கும். ரிச்மண்டில் இருந்த கெய்சர் தளங்களில் மட்டும் போர்க்காலத்தில் 747 கப்பல்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வேலை தேடி வந்தார்கள். வேலை கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. கொதிகலன் தொழிலாளர் சங்கம் அவர்களைத் தன் முழு உறுப்பினராகச் சேர்க்காமல், அதிகாரம் இல்லாத தனிக் கிளையில் ஒதுக்கி வைத்தது. சாசலிட்டோவில் இருந்த மாரின்ஷிப் தளத்தின் வெல்டர் ஜோசப் ஜேம்ஸ் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 1944-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அந்த ஜேம்ஸும் ஒரு பாடகர் என்பதைப் படித்தபோது எனக்கு மனது நிறைந்தது. ஜெயித்த மறு வருடமே போர் முடிந்துவிட்டது. கப்பல் வேண்டாம் என்றானது, வெல்டரும் வேண்டாம் என்றானது.

ஃபுல்லருக்கு அப்போது ஐம்பது வயது ஆகப்போகிறது. நிலையான வேலை கிடைக்கவில்லை. கையில் இருந்த ஒரே தொழில் பாட்டு. சரி, குழு சேர்க்கலாம் என்று பார்த்தால், சொன்ன நேரத்துக்கு வந்து ஒழுங்காக வாசிக்கிற ஆள் அமையவில்லை. குழு நடத்தியவர்களுக்கு இந்த வேதனை தெரியும். மேடையில் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருக்கும், விழாக் கமிட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், தபேலாக்காரர் இன்னும் வள்ளியூர் தாண்டியிருக்க மாட்டார். ஃபுல்லர் 1950-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு முடிவு கண்டார். வராத ஆட்களின் வேலையைச் செய்யக் கருவிகளைத் தானே செய்துகொண்டார். வேடிக்கை காட்டுவதற்காக அவர் இதில் இறங்கவில்லை. வேலை போன ஒரு வெல்டர், ஒரு ரயில்வே ஆள், கையில் தெரிந்த தச்சும் கம்பி வேலையும் வைத்துத் தன் பிழைப்புக்குச் செய்துகொண்ட ஏற்பாடு இது.

அதில் முக்கியமானது பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கிற மரப்பெட்டி, மேல்பக்கம் வளைந்து டபுள் பேஸின் தோள் மாதிரி இருக்கும். மேலே சிறிய கழுத்து. அதிலிருந்து ஆறு தடித்த கம்பிகள் பெட்டியின் மேல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கீழே ஆறு மிதிகட்டைகள். ஒரு கட்டையை மிதித்தால், பியானோவில் நடப்பது போலவே, மெத்தை ஒட்டிய சுத்தியல் ஒன்று எழும்பி அதற்குரிய கம்பியை அடிக்கும். ஒரு கம்பிக்கு ஒரு சுரம், ஆக மொத்தம் ஆறே சுரம். இதற்கு ஃபோட்டெல்லா என்று பெயர் வைத்தது அவர் மனைவி. இன்னொரு காலுக்கு ஹை-ஹேட் என்கிற இரட்டைத் தாளத்தட்டு அல்லது துணி தேய்க்கிற தகரப் பலகை.

ஆறு சுரம் என்றதும் வாசிக்கிறவனுக்குப் பதறும். நான் நான்கு கம்பியில், இருபது ஃபிரெட் உள்ள கழுத்தில் விரல் ஓட்டியவன். கார்டு மாறும்போது அதன் ஆதார சுரத்தைத் தொட வேண்டும், அங்கிருந்து அடுத்த கார்டுக்கு நடந்து போகிற மாதிரி இடையில் ஒன்றிரண்டு சுரம் வைக்க வேண்டும், அதுதான் பேஸின் இலக்கணம். ஆறு சுரத்தை வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் எல்லா ஸ்ருதியிலும் வாசிக்க முடியாது. ஃபுல்லருக்கும் அது தெரியும். ஆறில் அடங்குகிற ஸ்ருதிகளில் பாடினார். அடங்காத பாட்டு வந்தால் ஃபோட்டெல்லாவை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் வைத்துப் பாடினார். இசைத்தட்டில் கவனித்துக் கேட்டால் அந்த ஒலிக்குப் பளபளப்பு இல்லை என்பது தெரியும். தொம் என்று விழுந்து அங்கேயே அடங்கிவிடும். ஆனால் விழுகிற இடம் தவறாது.

ஒரு விஷயத்தை வாசித்தவர்களால்தான் கேட்க முடியும் என்று நினைக்கிறேன். குழுவில் டிரம்ஸ் ஒருவர், பேஸ் ஒருவர் என்றால் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். நல்ல குழு என்பது அந்த இடைவெளியைச் சரிகட்டத் தெரிந்த குழு. ஃபுல்லரிடம் அந்த இடைவெளியே கிடையாது. வேகம் ஏறினால் கை, கால், வாய் எல்லாம் ஒன்றாக ஏறும். ஒரு வரியை நீட்டிப் பாடத் தோன்றினால் நீட்டிவிடலாம், பின்னால் இருப்பவருக்குக் கண் காட்ட வேண்டாம். பதிலுக்கு வேறொன்றை இழக்க வேண்டும். வாய் ஒன்றுதான். மவுத் ஆர்கன் ஊதும்போது பாட முடியாது, கஸூவில் ரீங்கரிக்கும்போது இரண்டும் முடியாது. ஆக, பாட்டே அதற்கேற்ற மாதிரி அமைய வேண்டும். ஒரு சரணம் பாடு, ஒரு சுற்று கஸூ, இன்னொரு சரணம், ஒரு சுற்று மவுத் ஆர்கன், மறுபடி பாட்டு. கருவியும் பாட்டும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு வளர்ந்தவை. பாட்டெழுதுகிற ஆளின் மூளை இல்லாமல் இப்படி அமையாது. இதைத்தான் "என்ன திறமை" என்கிற ஒரு வார்த்தைக்குள் மூடிவிடுகிறார்கள்.

1954-ல் அவர் எழுதிய 'சான் ஃபிரான்சிஸ்கோ பே புளூஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காதலி கப்பலேறிப் போய்விட்டாள். வளைகுடாக் கரையில் நிற்கிறவன் கையில் காசில்லை, மனதிலும் ஒன்றுமில்லை. அவள் திரும்பி வந்தால் எல்லாம் புதிதாக விடியும் என்று பாடுகிறான். பெயரில் புளூஸ் இருக்கிறது. ஆனால் புளூஸ் என்றால் வழக்கமாக வருகிற 12 பார் அமைப்பு இதில் இல்லை. கார்டுகள் ராக்டைம் பாணியில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உருண்டு போகும். சோகத்தைச் சொல்கிற வார்த்தைகளுக்கு அடியில் நடை துள்ளிக்கொண்டே இருக்கும். நம்மிடமும் இந்த வித்தை உண்டு. ஒப்பாரி வைக்க வேண்டிய விஷயத்தைத் தெம்மாங்கில் வைத்து வயல் நடுவே பாடியவர்கள் நம் பாட்டிமார். அழுகையைத் தாளத்தில் ஏற்றிவிட்டால் அதைச் சுமந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

அவருடைய மற்றப் பாட்டுகளிலும் வேலை உண்டு, ரயில் உண்டு. 'பீட் இட் ஆன் டவுன் தி லைன்' என்ற பாட்டில் ஒருவன் செய்கிற வேலை தாங்க முடியாமல் போதும் என்று ஊருக்குக் கிளம்புகிறான். 'தி மங்க்கி அண்டு தி எஞ்சினியர்' பாட்டில் ரயில் ஓட்டுநரின் குரங்கு, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, ஒரு நாள் எஞ்சினைத் தானே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறது. குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எழுதியவர் ரயில்வேயில் உழைத்தவர் என்று தெரிந்து கேட்டால் எஞ்சின் சத்தமும் தண்டவாளமும் அவர் மனதில் எவ்வளவு ஆழத்தில் இருந்திருக்கின்றன என்பது புரியும்.

முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. உள்ளூரில் ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்டது. அந்தக் காலத்தில் காலணிப் பாலிஷ் போடும் கடை ஒன்றையும் வைத்திருந்தார், அங்கேயே பாடவும் செய்தார். 1958-ல் 'குட் டைம் ஜாஸ்' கம்பெனி அவரைப் பதிவு செய்தது. 1960-ல் இங்கிலாந்து போய் வாசித்தார். 1964-ல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் ஏறினார். நம் ஊரில் ஓய்வூதியம் வாங்குகிற வயதில் அவருக்குத் தொழில் தொடங்கியிருக்கிறது. 1976 ஜனவரியில், ஓக்லண்டிலேயே காலமானார்.

இதற்கிடையில் பாட்டுகள் அவரை விட்டுக் கிளம்பி ஊர் சுற்றத் தொடங்கியிருந்தன. பாடகர் ராம்ப்ளிங் ஜாக் எலியட் 'பே புளூஸ்' பாட்டை லண்டனில் பதிந்தார், 1958-ல் தட்டு வந்தது. 1962-ல் வெளியான பாப் டிலனின் முதல் இசைத்தட்டைச் சுழலவிட்டால் முதலில் வருவது ஃபுல்லரின் 'யூ ஆர் நோ குட்'. டிலன் என்ற பெயரில் உலகம் கேட்ட முதல் தட்டின் முதல் பாட்டு ஒரு ஓக்லண்ட் தொழிலாளி எழுதியது. கிரேட்ஃபுல் டெட் குழு 1967-ல் வந்த தங்கள் முதல் தட்டில் 'பீட் இட் ஆன் டவுன் தி லைன்' பாடியது. 1991-ல் மெக்கார்ட்னியும் 1992-ல் கிளாப்டனும் தங்கள் 'அன்பிளக்டு' நிகழ்ச்சிகளில் 'பே புளூஸ்' பாடினார்கள். கிளாப்டனின் தட்டு கோடிக்கணக்கில் விற்றது, அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் வாங்கியது.

அந்தக் கிளாப்டன் பதிவை நாங்கள் குழுவில் எல்லோரும் கேசட்டில் கேட்டிருக்கிறோம். மேடையில் ஆளுக்குக் குறைவில்லை, கிட்டார், பேஸ், தாளம், பியானோ எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள். ஆனாலும் பாட்டின் நடுவில் கஸூவை வாயில் வைத்து ரீங்கரிக்கிறார்கள். அந்த ரீங்காரம் இல்லாவிட்டால் அது அந்தப் பாட்டாக இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கை இரண்டும் கிட்டாரில், கால் இரண்டும் கட்டையில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் வேறு வழியில்லாமல் வாயிடம் கொடுத்த வேலை, பாட்டின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் பாட்டை யார் பாடினாலும் ஃபுல்லர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லாமல் அதைப் பாடுவதும் பகிர்வதும் எப்படிச் சரியாகும்?

தனியாளாக வாசித்தவர்கள் அவரோடு முடியவில்லை. மிசிசிப்பியின் டூனிக்கா ஊரில் பிறந்த டாக்டர் ராஸ், கிட்டாரும் மவுத் ஆர்கனும் டிரம்ஸும் ஒரே நேரத்தில் வாசித்தவர். அவர் மிச்சிகனில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டேதான் வாசித்தார். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதியில் ஹேசில் அட்கின்ஸ். சிறுவனாக ரேடியோவில் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் பெயர் மட்டும் சொல்லப்படுவதைக் கேட்டு, எல்லாக் கருவியையும் அவரே வாசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் அப்படியே பழகியதாக அட்கின்ஸ் சொல்லியிருக்கிறார். இவர்கள் யாரும் பெரிய நகரத்தின் பெரிய கம்பெனிகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இல்லை. சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கி, அங்கேயே தொழில் செய்து, பிற்பாடு வெளியூர்க்காரர்கள் தேடி வந்து கண்டெடுத்த ஆட்கள். இவர்களுடைய பாட்டு அந்தந்த ஊரின் வேலையையும் பேச்சையும் சுமந்து வருகிறது. பத்துப் பேர் குழுவாக இருந்திருந்தால் அதில் பாதி வடிகட்டப்பட்டிருக்கும்.

எங்கள் தொழிலிலும் தனியாள் கச்சேரி வந்துவிட்டது, வேறு வழியாக. கீபோர்டில் தாளம், பேஸ், வயலின் எல்லாம் அடங்கிவிடும். பென் டிரைவில் டிராக் இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் என்னைக் கூப்பிடாமல் விட்டதற்கு விழா ஏற்பாடு செய்தவர் சொன்ன காரணம் இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, பேஸ் எல்லாம் இப்ப கீபோர்டுலயே வந்துருதாம்லா. எதுக்குத் தனியா ஒரு ஆளு?" அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கீபோர்டு வாசிக்கிற தம்பிகள் மேல் துளியும் இல்லை. அவர்கள் கையாளுகிற வேலை சாதாரணமானதில்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் ஆதங்கம் வேறு. ஐந்து பேர் வேலையை ஒருவரிடம் வாங்கிக்கொண்டு, ஒருவருக்கான பணத்தைக் கொடுத்து, அதற்கு மேல் "பாருங்க, தனி ஒருவராக அசத்துறார்" என்று மைக்கில் புகழ்ந்துவிட்டால் கணக்குச் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஃபுல்லருக்கும் இதுதான் நடந்தது. ஒரு ஆள் வந்தார், ஒரு ஆளுக்கான நாற்காலி, ஒரு ஆளுக்கான சம்பளம், பதிலுக்கு ஒரு முழு வாத்தியக் குழு.

ஆனால் ஃபுல்லருக்கும் எங்கள் தம்பிகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் பாட்டைப் பாடினார். எங்கள் மேடையில் அது நடக்காது. கொடை விழாவில் இருபது பாட்டு என்றால் இருபதும் சினிமாப் பாட்டு. மேடையில் பெயர் சொல்வது நடிகருக்கு, அப்புறம் படத்துக்கு, நேரம் இருந்தால் இசையமைப்பாளருக்கு. எழுதியவர் பெயர் வருவதே இல்லை. எழுத்தாளன் பெயர் போடாமல் கதை அச்சிடுவோமா? பாட்டுக்கு மட்டும் எப்படி மனது வருகிறது?

இந்த நாட்டில் சட்டம் எங்களை விட ஒரு படி முன்னே போயிருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, சினிமாவுக்காகப் பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வருகிற ராயல்டியில் தங்கள் சமபங்கு உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. மாநிலங்களவையில் இதற்காக உரக்கப் பேசியவர் ஜாவேத் அக்தர், அவரே பாட்டெழுதுகிறவர். இது பெரிய பாதுகாப்பு. ஆனால் சினிமாவுக்கு வெளியே, ஏதோ ஒரு ஊரில், நோட்டுப் புத்தகத்தில் பாட்டு வைத்திருக்கிறவருக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. அவர் பாட்டு முதலில் ஒலிபெருக்கியில் வர வேண்டும். வராத பாட்டுக்கு ராயல்டி எங்கிருந்து வரும்?

தொலைக்காட்சியில் நடக்கிற திறமைப் போட்டிகளைப் பார்க்கும்போதும் எனக்கு இதே எண்ணம்தான். இரண்டு மூன்று கருவிகளைச் சேர்த்து வாசிக்கிற ஒரு பையன் வருவான். நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். காலால் என்ன செய்கிறான், வாயால் என்ன செய்கிறான் என்று கேமரா மாறி மாறிக் காட்டும். ஒரு பிரபலப் பாட்டை வாசித்து முடித்ததும் அனுப்பிவிடுவார்கள். "நீயா எழுதினது ஏதாவது இருக்காப்பா?" என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் நன்றாயிருக்கும். இருந்தால் பாடச் சொல்லலாம், இல்லாவிட்டால் எழுதத் தூண்டியதாகவாவது இருக்கும்.

ஃபுல்லரைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். படம் பார்க்காமல் முதலில் ஒலியை மட்டும் கேளுங்கள். 1963-ல் வந்த 'சான் ஃபிரான்சிஸ்கோ பே புளூஸ்' தட்டில் தொடங்கலாம். ஒரே ஆள் என்பதை மறந்துவிட்டு, பாட்டு என்ன சொல்கிறது, மெட்டு எங்கே திரும்புகிறது என்று கவனியுங்கள். அதற்குப் பிறகு காலைப் பார்க்கலாம். எனக்கு அந்த வரிசையில் கேட்டபோதுதான் அவர் எவ்வளவு நல்ல பாட்டுக்காரர் என்பது தெரிந்தது.

விழாக் கமிட்டிக்காரர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தனியாளைக் கூப்பிடுவதாக இருந்தால், அவர் எத்தனை பேர் வேலையைச் செய்யப்போகிறார் என்று யோசித்துப் பணம் பேசுங்கள். நிகழ்ச்சி நடுவில் அவர் சொந்தப் பாட்டு ஒன்றுக்கு இடம் விட்டு, பாடும் முன் அவர் பெயரைப் பாட்டெழுதியவர் என்று மைக்கில் சொல்லுங்கள். நான் வாசித்த குழுக்களிலேயே சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டும் போட்டு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தாமிரபரணி மணல் லாரிகளைப் பற்றி எழுதியிருக்கிறார், இன்னொருவர் பீடி சுற்றுகிற தன் அம்மாவைப் பற்றி. கூப்பிட்டால் பாடத் தயாராக இருக்கிறார்கள்.